பூமிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது

நிலநடுக்கங்களையும் அவற்றின் அலைகளையும் ஆராயும் நில அதிர்வியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தங்கள் கேள்விகளை எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சத்தைத்தான் சொல்கின்றன: "காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லையே." இந்தத் துறையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அவற்றில் பன்னிரண்டு ஆண்டுகள் மாணவர் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அந்த மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: நான் இயற்பியல் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நிலவியலில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. நில அதிர்வியல் துறையில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். இந்தத் துறையைக் கட்டியவர்களே பெரும்பாலும் வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். சார்ல்ஸ் ரிக்டர் 1928-இல் முனைவர் பட்டம் பெற்றது கோட்பாட்டு இயற்பியலில். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் பாசடேனாவில் இருந்த நில அதிர்வு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவர் பெயரால் நாம் சொல்லும் அளவுகோல் 1935-இல் வந்தது. குரோவேஷியாவின் ஆந்திரியா மொகொரோவிச்சிச் வானிலை ஆய்வில் ஊறியவர். 1909-இல் நிகழ்ந்த ஒரு நிலநடுக்கத்தின் பதிவுகளில் அலைகள் இரட்டை இரட்டையாக வந்து சேர்ந்திருப்பதைக் கவனித்தார். புவியோட்டுக்கு அடியில் ஓர் எல்லை இருக்கிறது என்பதை அதிலிருந்துதான் கண்டுபிடித்தார்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது பெரிது. அலைச் சமன்பாடு, ஃபூரியே பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் ஆகிய மூன்றும் எங்களுக்கு அன்றாடக் கருவிகள். விளைவைப் பார்த்துக் காரணத்தைக் கணக்கிடும் தலைகீழ்க் கணக்குகளை இப்போதே பழகத் தொடங்குங்கள். தரைக்கு மேல் பதிவான அலையை வைத்துத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதானே எங்கள் வேலை. நிலவியலுக்கு ஒரு நல்ல அறிமுகப் பாடநூல் போதும். பாறைப் பிளவுகளின் வகைகளைப் புரிந்துகொண்டு, ஒரு நிலவியல் வரைபடத்தைக் கையில் வைத்து ஒரு மாதம் படித்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் அந்தக் குறையை மறைக்க வேண்டாம். "நிலவியல் படித்ததில்லை, இந்தப் பாடநூலின் இத்தனை அத்தியாயங்களை நானாகப் படித்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். குழுவுக்கு அது நிறைவாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நில அதிர்வுமானி இல்லை. இந்தத் துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியரும் இல்லை. 'ஆய்வு அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது அம்மா? விண்ணப்பிக்க இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. (கணிதம், இறுதியாண்டு மாணவி)

ஆறு மாதம் தாராளம். இந்தக் கடிதத்துக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பல அறிவியல் துறைகளில் தரவு என்பது ஆய்வகப் பூட்டுக்குள் இருக்கும். நம் துறையில் அதன் பெரும்பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உலகளாவிய நில அதிர்வு வலையமைப்பின் ஏறத்தாழ 150 நிலையங்கள் பதிவு செய்யும் அலைகளை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையின் இணையப் பட்டியலில் இடம், காலம், அளவு மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால் நிலநடுக்கங்களின் வரிசை கையில் வந்துவிடும். அவற்றை அலசுவதற்கு ஆப்ஸ்பை என்ற பைத்தான் மென்பொருள் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. உலகின் பெரிய ஆய்வகங்களிலும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். ஒரு சாதாரணக் கணினி இருந்தால் போதும்.

ஏதாவது ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுப் பட்டியலை இறக்குங்கள். அளவில் ஓர் எண் குறைந்தால் நிலநடுக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும் என்பது ரிக்டரும் அவரோடு பணியாற்றிய குட்டன்பெர்க்கும் கண்ட விதி. மடக்கை அச்சில் வரைந்தால் நேர்கோடாக வர வேண்டும். உங்கள் வரைபடத்தில் சிறிய அளவுகளின் பக்கம் அந்தக் கோடு வளைந்து படுத்துவிடும். சிறிய நடுக்கங்கள் அங்கே குறைவாக நிகழ்ந்தன என்பது அதற்குப் பொருளன்று. அவை நிலையங்களின் காதுக்கு எட்டவில்லை. எந்த அளவுக்குக் கீழே அந்தப் பட்டியலை நம்பக்கூடாது? அந்த எல்லையை நீங்களே முடிவு செய்து, ஏன் அங்கே வைத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு பெரிய நடுக்கம் ஒன்றைத் தொடர்ந்து வந்த பின்னதிர்வுகளை நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள். அவை தேய்ந்து குறையும் விதத்தை ஜப்பானிய நில அதிர்வியலாளர் ஒமோரி 1894-இலேயே எழுதிவிட்டார். உங்கள் எண்கள் அவருடைய விதியோடு எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று கவனியுங்கள். முரண்டு பிடிக்கும் இடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கும்.

நான் படித்த விண்ணப்பங்களில் இன்றும் நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாணவியும் உங்களைப் போலத்தான், ஆய்வகம் இல்லாத கல்லூரி. ஒரு பகுதியின் சிறு நடுக்கங்களை எடுத்து, ஒரு நாளின் எந்த மணியில் எத்தனை என்று எண்ணியிருந்தார். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே எண்ணிக்கை புடைத்து நின்றது. வெயிலின் சூடு காரணமோ என்று முதலில் நினைத்திருக்கிறார். கோடையிலும் குளிர்காலத்திலும் புடைப்பு ஒரே மாதிரி இருந்ததால் அதைக் கைவிட்டார். அடுத்து, நிலவின் ஓத விசை, அதாவது கடலை ஏறி இறங்கச் செய்யும் இழுப்பு. ஆனால் ஓதம் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்தப் புடைப்போ கடிகாரத்தோடு கட்டிப்போட்டது போல நின்ற இடத்திலேயே நின்றது. மூன்றாவதாக, கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் புடைப்பே இல்லை.

பூமிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. கல்குவாரிக்கு உண்டு. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைத் தேடியபோது வெள்ளையாகத் தோண்டப்பட்ட குவாரி தெரிந்தது. அந்தப் பட்டியலில் பகல்நேரச் சிறு நடுக்கங்களில் பெரும்பாலானவை பாறைக்கு வைத்த வெடிகள்.

இது எங்களுக்குப் புதிய செய்தியன்று. குவாரி வெடிகள் பட்டியலில் கலந்துவிடும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அவருக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. தன் முதல் இரண்டு எண்ணங்கள் எப்படித் தவறாகப் போயின என்பதையும் அவரே வரிசையாக எழுதியிருந்தார். மதிப்பெண் நடுத்தரம். குழுவில் ஐந்து பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் மதிப்பெண்ணைச் சுட்டிக்காட்டித் தயங்கினார்கள். நான் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். சேர்த்துக்கொண்டோம்.

உங்கள் கட்டத்தில் எழுத வேண்டியது இதுபோல ஒன்று. "நானாகச் செய்தது, மேற்பார்வை இல்லை" என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். நிரலையும் படங்களையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்துக்கான என் நோக்க அறிக்கையை இணைத்திருக்கிறேன். மூன்று பக்கம். தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள் அம்மா.

படித்தேன் தம்பி, இரண்டு முறை. கேட்டுக்கொண்டபடியே சொல்கிறேன்.

"சிறு வயது முதலே பூமியின் மர்மங்கள் என் மனத்தைக் கவர்ந்தன" என்று தொடங்குகிறீர்கள். இந்த வாக்கியம் உங்களுடையதன்று. ஒரே பருவத்தில் என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஏழெட்டுப் பேர் ஏறத்தாழ இதே சொற்களில் தொடங்கியிருக்கிறார்கள். அது பொய் என்று சொல்லவில்லை. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படித்தபின் உங்களைப் பற்றி எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் பத்தியில், "நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணித்து உயிர்களைக் காப்பாற்றுவேன்" என்கிறீர்கள். இது உங்களுக்குக் கேடு செய்யும். எந்த நாளில், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய நடுக்கம் வரும் என்று சொல்லும் நிரூபிக்கப்பட்ட முறை இன்றுவரை இல்லை. துறைக்குள் இருப்பவர் அந்த வரியைப் படித்தால், விண்ணப்பிப்பவர் துறையைச் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைப்பார். முன்னெச்சரிக்கை என்பது வேறு. நடுக்கம் தொடங்கிய பிறகு வேகமாக வரும் பி அலையைப் பிடித்து, அதிகம் சேதம் செய்யும் அலைகள் வந்து சேருவதற்குள் சில நொடிகள் அவகாசம் தருவது அது. அதில் ஆர்வம் என்றால் அதைச் சொல்லுங்கள்.

இனி நல்ல செய்தி. மூன்றாம் பக்கத்தின் அடியில், நன்றி சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. பி அலைக்குப் பின்னால் வரும் எஸ் அலை வந்து சேர்ந்த நேரத்தைத் தானியங்கி நிரல் குறித்ததும் நீங்கள் கையால் குறித்ததும் சராசரியாக 0.4 நொடி வேறுபட்டன; அதனால் 212 பதிவுகளை மறுபடி கையாலேயே குறித்தீர்கள் என்கிறீர்கள். தம்பி, இதுதான் உங்கள் முதல் வாக்கியம்! பி அலையின் சலசலப்பு அடங்குவதற்குள் வந்து சேருவதால் எஸ் அலையின் தொடக்கத்தைப் பிடிப்பது கடினம் என்று வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். 212 முறை அதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள்.

அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். 0.4 நொடி என்பது எவ்வளவு பெரிய பிழை? அருகில் நிகழும் நடுக்கத்துக்கு, பி, எஸ் அலைகள் வந்து சேரும் நேரங்களுக்கு இடையிலான ஒரு நொடி ஏறத்தாழ எட்டு கி.மீ. தொலைவைக் குறிக்கும். அப்படியானால் உங்கள் 0.4 நொடி மூன்று கி.மீ.க்கும் சற்று மேல். நடுக்கம் எந்தப் பிளவில் நிகழ்ந்தது என்ற முடிவையே அது மாற்றிவிடக்கூடும். மாற்றியதா? அந்த வேறுபாடு எல்லா நிலையங்களிலும் இருந்ததா, மென்மண் மேல் இருந்த நிலையங்களில் மட்டுமா? நிரலின் குறையா, கண்ணின் பழக்கமா? இவற்றில் எதற்கு உங்களிடம் விடை இல்லையோ அதைத்தான் மேற்படிப்பில் செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கேள்விக்கும் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆய்வுக் குழுவுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஒன்றரைப் பக்கத்தில் முடியும். சிறு வயது, மர்மம், விருதுப் பட்டியல் மூன்றையும் எடுத்துவிடலாம். திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரிடமிருந்து மட்டும் "வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. நான் என்ன தவறு செய்தேன்?

நாற்பது பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருப்பீர்கள். "தங்கள் அரிய ஆய்வுகளைப் படித்து வியந்தேன்" என்ற வரியை நாற்பது பேருக்கும் எழுத முடிகிறது என்றால், எவருடைய ஆய்வையும் படிக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நாற்பதை ஆறாகக் குறையுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையை, முன்னுரையோடு நிறுத்திவிடாமல், செய்முறைப் பகுதி வரை படியுங்கள். படிக்கும்போது உண்மையாக எழுந்த ஒரு சந்தேகத்தைக் குறித்துவையுங்கள். மின்னஞ்சலில் ஐந்தாறு வாக்கியங்கள் போதும்: நீங்கள் யார், எதைச் செய்து பார்த்திருக்கிறீர்கள், அந்தக் கட்டுரையில் எந்த இடம் உங்கள் வேலையைத் தொட்டது, உங்கள் கேள்வி என்ன, வரும் ஆண்டில் புதிய மாணவரை எடுக்கும் எண்ணம் அவருக்கு உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆய்வு நிதி முடியும் தறுவாயில் இருப்பவரும், ஓய்வு பெறப் போகிறவரும் மாணவரை எடுக்க மாட்டார்கள். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு விண்ணப்பக் கட்டணம் மிச்சம். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் கேட்டால், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் என் பேராசிரியர். எழுதலாமா?

எழுதாதீர்கள். இது நாணயம் பற்றிய விஷயம். அது ஒருபுறம் இருக்க, அப்படி எழுதிய கடிதம் உங்களுக்குப் பயன்படவும் செய்யாது. நோக்க அறிக்கையிலும் கடிதத்திலும் ஒரே கையின் நடை இருந்தால் பழகிய கண்ணுக்குப் பட்டுவிடும். தவிர, தன்னைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் வெறும் பாராட்டாகவே எழுதுகிறார்கள். எங்களுக்கு வேண்டியது சம்பவம். "மூன்று வாரம் ஒரு பிழையைத் தேடினாள், கடைசியில் கருவியின் கடிகாரம் தவறாக ஓடுவதைக் கண்டுபிடித்தாள்" என்ற ஒரு வரிக்கு ஈடாக எந்தப் பாராட்டும் நிற்காது.

அவருக்கு உண்மையிலேயே நேரமில்லை என்றால் அவர் வேலையை எளிதாக்குங்கள். அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், என்ன செய்தீர்கள், எங்கே தடுமாறி எப்படி மீண்டீர்கள் என்று தேதிகளோடு இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்து, "இதில் உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் எழுதுங்கள் ஐயா" என்று கேளுங்கள். அதற்கும் அவர் இசையவில்லை என்றால் வேறொருவரை நாடுங்கள். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்த இளம் விரிவுரையாளர் எழுதும் கடிதம், உங்கள் முகமே நினைவில்லாத துறைத் தலைவரின் கடிதத்தைவிட எத்தனையோ மடங்கு மேல்.

கேள்வி: உடல்நலம் சரியில்லாமல் இரண்டு ஆண்டுகள் படிப்பை நிறுத்தியிருந்தேன். திரும்பி வந்து முடித்தேன். அந்த இடைவெளி என்னைத் தள்ளிவிடுமா?

டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் 1910-இல் கேம்பிரிட்ஜுக்குக் கணிதம் படிக்கப் போனார். அடுத்த ஆண்டே களைத்துச் சோர்ந்து, பட்டம் முடிக்காமல் வீடு திரும்பினார். பிறகு காப்பீட்டுக் கணக்கு பார்க்கும் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தார். 1918-இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் சேர்ந்து 1920-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. நில அதிர்வியலுக்குள் வந்ததே 1925-இல்தான். 1929-இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள், அன்றைய கணக்குப்படி வரக்கூடாத இடங்களில் மெல்லியதாகப் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் அவற்றுக்கு வேறு விளக்கம் சொன்னார்கள். அவர் பிடிவாதமாக அதையே துருவினார். பூமியின் கருவத்துக்கு உள்ளே இன்னொரு கருவம் இருக்கிறது என்று 1936-இல் எழுதினார். அது உண்மை என்று நிலைபெற்றுவிட்டது.

இதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லவில்லை. உங்கள் மனத்துக்காகச் சொன்னேன். விண்ணப்பத்தில் இரண்டு வரிகள் போதும்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உடல்நலக் காரணத்தால் படிப்பு நின்றது, திரும்பிய பின் எந்தப் பாடங்களில் என்ன மதிப்பெண். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம்.

கேள்வி: முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டுத்தான் முனைவர் படிப்புக்குப் போக வேண்டுமா? ஜி.ஆர்.ஈ. தேர்வு கட்டாயமா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக முனைவர் படிப்பில் சேரலாம். முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் பாடங்களிலும் தகுதித் தேர்விலும் போகும். ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே போன்ற இடங்களில் முதுநிலைப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். அங்கே முனைவர் இடம் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலையாக, குறிப்பிட்ட ஓர் ஆய்வுத் திட்டத்துக்கென்று விளம்பரம் செய்யப்படும். ஆகவே அங்கே ஆண்டு முழுவதும் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.ஈ.யின் மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் இந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். ஐந்தாறு ஆண்டு படித்தபின் வேலை என்ன கிடைக்கும்? பயமாக இருக்கிறது. (ஒரு தந்தை)

உங்கள் பயம் நியாயமானது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி மிகச் சிலருக்கே கிடைக்கும்; அதை மகளிடமும் மறைக்காதீர்கள். ஆனால் படிப்பு அந்த ஒரு வாசலில் முடிவதில்லை.

அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க, வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று இயங்குகிறது. அதன் திட்டத்தில் நில அதிர்வு நிலையங்கள் மட்டும் 170. ஒரு பதிவைப் பார்த்து, இது பூமி அசைந்ததா, மனிதர் வெடித்ததா என்று பிரித்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களுக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டுச் சொல்பவர்கள் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புவிவெப்ப ஆற்றலுக்காகத் தரைக்கடியில் நீரைச் செலுத்தியபோது, 2006 டிசம்பரில் 3.4 அளவிலான நடுக்கம் ஏற்பட்டு அந்தத் திட்டமே நின்றுபோனது. இன்று அப்படி ஆழத்தில் வேலை செய்பவர்கள் நில அதிர்வைக் கண்காணிக்காமல் இறங்குவதில்லை. அணைகள், சுரங்கங்கள், பெட்ரோலியத் தேடல், கரியமில வாயுவைப் பூமிக்கடியில் சேமித்தல் என்று பட்டியல் நீளும். 2018 நவம்பரில் செவ்வாயில் இறங்கிய இன்சைட் விண்கலம்கூட அங்கே 1,300-க்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்து அனுப்பியது. அவற்றையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டுமே. நில அதிர்வியல் படித்தவருக்கு அலைப் பகுப்பாய்வும் நிரலெழுத்தும் நன்றாகக் கைவந்திருக்கும். தரவு அறிவியல் வேலைகளுக்கும் அவர்கள் எளிதில் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள் ஐயா: முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோ சம்பளமோ எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு என்ற விவரத்தோடு. கடன் வாங்கி முனைவர் பட்டம் படிக்க அனுப்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய பெயர். மற்றொன்றில் நெறியாளர் என் கேள்வியோடு மிக நெருங்கியவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு குழுக்களிலும் இப்போது படிக்கும் மாணவர்களோடு, நெறியாளர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். கடைசியாகச் சேர்ந்த ஐந்து பேரில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், வாரத்தில் எத்தனை நிமிடம் நெறியாளர் உங்களோடு உட்காருவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளர் மனிதராகவும் நல்லவர் என்று தெரிந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை உதவித்தொகையோடு தரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் முடிவு சொல்லும்படி யாராவது நெருக்கினால் அதைச் சுட்டிக்காட்டலாம்.

கேள்வி: ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஆறும் மறுத்துவிட்டன. எனக்கு இது வராது என்று விட்டுவிடுவதா?

நான் விண்ணப்பித்த முதல் ஆண்டிலும் அப்படித்தான் நடந்தது, எண்ணிக்கைகூட ஆறேதான். மறுப்புக் கடிதங்களை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் அதைத் திறக்கவில்லை. பிறகு ஒரு துறைக்கு எழுதிக் கேட்டேன். நான் பெயர் குறிப்பிட்டிருந்த நெறியாளர் அந்த ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார், அந்தப் பொருளில் வேறு யாரும் இல்லை என்று பதில் வந்தது. என் மதிப்பெண்ணையோ தகுதியையோ பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த ஓராண்டு ஒரு நில அதிர்வு நிலையத்தில் உதவியாளராக இருந்தேன். உருளையில் சுற்றிய காகிதத்தைத் தினமும் மாற்றி, முந்தைய நாளின் பதிவை மேசையில் விரித்துப் படிக்கும் வேலை. தொலைதூர நடுக்கம், பக்கத்து நடுக்கம், காற்று, லாரி என்று கோடுகளைப் பார்த்தவுடன் பிரித்தறியும் பழக்கம் அங்கேதான் வந்தது. மறு ஆண்டு மூன்றே இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்று கிடைத்தது.

நீங்களும் ஆறு துறைகளுக்கும் பணிவாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஒன்றிரண்டு பேர் பதில் தருவார்கள். அதன் பிறகு உங்கள் விண்ணப்பத்தை எனக்கு அனுப்புங்கள். எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம். விட்டுவிடுவதா என்ற முடிவை அதுவரை தள்ளிவையுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் காணொலி வழியே நேர்காணல். முப்பது நிமிடம். என்ன கேட்பார்கள்?

உங்கள் அறிக்கையில் எழுதியதைத்தான் முதலில் கேட்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வேறொருவரையோ செயற்கை நுண்ணறிவையோ எழுத வைத்திருந்தால் இந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

சிலர் ஓர் அதிர்வுப் பதிவைத் திரையில் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். அவசரப்பட்டு, "இது இத்தனை அளவுள்ள நிலநடுக்கம்" என்று தொடங்காதீர்கள். முதலில் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: நேர அச்சு எவ்வளவு, எங்கே முதல் அசைவு, எங்கே வீச்சு கூடுகிறது, அதற்கு முன்னால் இரைச்சல் எப்படி இருக்கிறது. அதன் பிறகு ஊகத்துக்கு வாருங்கள். தெரியாததைத் "தெரியவில்லை, ஆனால் இதைப் பார்த்தால் தெரியும்" என்று சொல்லுங்கள்.

முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "கடைசியாக உங்களிடம் சேர்ந்த மாணவர் முதல் மூன்று மாதம் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பக்கத்தில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.